அரசாங்கக் காசில் நடக்கும் பாதிக்கப்பட்டோர் உதவி: தொண்டு நிறுவனத்திடம் எதைக் கேட்பது?

கொட்டாஞ்சேனை நிருபன்

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு தமிழ் வார இதழில் வேலை செய்கிறேன். குற்றச் செயல்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை கேட்டிருக்கிறார் ஆசிரியர். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தொலைபேசியில் ஆலோசனை, நேரில் உளவளத்துணை, வழக்கு நாளில் நீதிமன்றத்துக்குக் கூடவே ஆள் போவது, அவசரத்துக்குத் தங்க ஓர் இடம், இவ்வளவும் செய்கிறார்கள். பணத்தில் ஒரு பங்கு அமைச்சு ஒன்றிலிருந்து வருகிறது, மிச்சம் வெளிநாட்டு அரசு ஒன்றின் உதவி. ஆக இரண்டுமே யாரோ கட்டிய வரிதான்.

போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள். தேத்தண்ணீர் தந்தார்கள், பளபளவென்று அச்சடித்த ஆண்டறிக்கை தந்தார்கள். அதன் முதல் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் பயனாளிகள். இந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று கேட்டேன். "அது எங்கள் திட்டப் பிரிவு போடுகிற கணக்கு" என்றார்கள். கணக்காய்வு அறிக்கை கேட்டேன். "அதை டோனருக்குத்தான் கொடுப்போம்" என்றார்கள், அதாவது நிதி தருபவருக்கு. பிறகு நான் கேட்காமலேயே, பாதிக்கப்பட்ட பெண் ஒருவரைப் பேட்டி எடுக்க ஒழுங்கு செய்து தருகிறோம் என்றார்கள். அதுதான் உறுத்துகிறது. கணக்கைத் தர மனமில்லை, ஆளைத் தர மட்டும் மனமிருக்கிறது.

இந்தத் துறையில் இருந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நான் எதைக் கேட்க வேண்டும்?

முன்னாள் களப்பணியாளர்

தம்பி, பேட்டியை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் அந்த எண்ணிக்கையைப் பிடியுங்கள்.

நான் இந்த வேலையில் கன காலம் இருந்தவள். மாத முடிவில் எக்செல் தாள் நிரப்ப வேண்டும். ஒரு பெண் ஹொட்லைனுக்கு எடுக்கிறாள்: ஒன்று. அடுத்த நாள் நேரில் வருகிறாள்: உளவளத்துணை நிரலில் இன்னொன்று. சட்டத்தரணியிடம் அனுப்பினால் சட்ட உதவி நிரலிலும் ஒன்று. அவளோடு வந்த இரண்டு பிள்ளைகள் வரவேற்பறையில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டால் மறைமுகப் பயனாளிகள் இரண்டு பேர். வருட முடிவில் எல்லா நிரலையும் கூட்டும்போது அந்த ஒரு குடும்பம் ஐந்து பேராகிவிடும். இதில் பொய் எதுவும் இல்லை. படிவம் கேட்டதை நிரப்பினோம், அவ்வளவுதான்.

அப்புறம் விழிப்புணர்வுக் கூட்டங்கள். பாடசாலை மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகளை இருத்தி ஒரு மணித்தியாலம் பேசினால் முந்நூறு. அந்த முந்நூறும், இரவு பதினொரு மணிக்கு உடுத்த உடுப்போடு ஓடி வந்த ஒருத்தியும் ஒரே கூட்டலில் நிற்பார்கள்.

ஆகவே மொத்தத்தைக் கேட்காதீர்கள். தனித்தனி ஆட்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதில் இரண்டாம் தடவை வந்தவர்கள் எத்தனை பேர்? ஹொட்லைனுக்கு வந்த அழைப்புகளில் எத்தனையை ஒருவரும் எடுக்கவில்லை? முதல் அழைப்புக்கும் முதல் சந்திப்புக்கும் இடையில் எத்தனை நாள் போகிறது?

முக்கியமானது, மூடிய கோவைகள், அதாவது ஃபைல்கள். ஏன் மூடினீர்கள் என்று பார்த்தால் 'தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று நிறைய இருக்கும். அதன் பின்னால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? புருஷன் போனைப் பறித்திருப்பான், அல்லது அவள் சிம்மை மாற்றியிருப்பாள். பணியாளர் இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்திருப்பார். பிறகு கோவை மூடப்பட்டு, ஆண்டறிக்கையில் 'நிறைவு செய்யப்பட்டவை'க்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று. ஒப்பந்தம் டிசம்பரோடு முடியும். அடுத்ததில் கையெழுத்து விழப் பங்குனி ஆகும். இடையில் சம்பளம் இல்லை. நல்ல உளவளத்துணையாளர்கள் அந்த இடைவெளியில்தான் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவரிடம் வந்துகொண்டிருந்த பெண் முழுக் கதையையும் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை, வராமல் விட்டுவிடுகிறார்கள். அமைச்சு பணத்தை எந்தத் திகதியில் விடுவித்தது என்று கேளுங்கள். நிறுவனத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டு முடித்துவிடாதீர்கள்.

சும்மா ஒருவன்

பிஸ்கட் சாப்பிட்டதற்கும் கணக்கா! எங்கள் சனசமூக நிலையத்துக்கும் அந்த எக்செல் தாளை அனுப்புங்கோ அக்கா.

புதுக்கடைச் சட்டத்தரணி

'டோனருக்குத்தான் கொடுப்போம்' என்ற பதில் சட்டத்தில் நிற்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தை எடுத்து 43ஆம் பிரிவைப் பாருங்கள். பகிரங்க அதிகாரசபை, அதாவது கேட்டால் தகவல் கொடுக்க வேண்டிய இடம், என்றால் யார் யார் என்று அங்கே இருக்கிறது. அரசாங்கத்திடமிருந்தோ, வெளிநாட்டு அரசாங்கத்திடமிருந்தோ, சர்வதேச அமைப்பிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனமும் அதற்குள் வருகிறது. வரம்பு ஒன்றுதான்: கேட்கும் தகவல் அந்தச் சேவை பற்றியதாக இருக்க வேண்டும். பணிப்பாளர் எந்த வாகனத்தில் வீட்டுக்குப் போகிறார் என்று கேட்டால் இழுபறிப்படுவீர்கள். ஹொட்லைனில் இரவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அதற்கு எவ்வளவு செலவு என்று கேட்டால் அது சேவை.

'கணிசமான' என்பதற்குச் சட்டம் சதவீதம் எதுவும் சொல்லவில்லை. நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடும். அதனால் இரண்டு விண்ணப்பம் போடுங்கள். ஒன்று நிறுவனத்துக்கு, மற்றது பணம் கொடுக்கும் அமைச்சின் தகவல் அலுவலருக்கு. அமைச்சு தப்ப வழியில்லை. ஒப்பந்தம், காலாண்டு முன்னேற்ற அறிக்கைகள், பணம் விடுவித்த திகதிகள் எல்லாம் அவர்களிடம் இருந்தாக வேண்டும். பிரஜையாக இருந்தால் போதும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நிருபர் என்று காட்டிக்கொள்ளவும் தேவையில்லை. தமிழிலேயே எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். வராவிட்டால் மறுப்பாக எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

பதிவையும் பாருங்கள். சில நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில் பதிந்திருக்கும். வேறு சில 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இருக்கும். கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளரிடம் கோவை இருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365 சி பிரிவின் கீழ் குற்றம். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். 'கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளின் தாய்' என்று எழுதினால் தெரு முழுக்க ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

ஈஸ்ட்ஹாம் வாசி

லண்டனிலிருந்து எழுதுகிறேன், கொழும்புப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். இங்கே இதே வேலையைச் செய்யும் பெரிய தொண்டு நிறுவனம் 'விக்டிம் சப்போர்ட்'. 1974இல் பிரிஸ்டல் நகரத்தில் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்கிறது. முன்பு நீதி அமைச்சிலிருந்து மொத்தமாகப் பணம் வந்தது. 2014, 2015 அளவில் உள்ளூர்ச் சேவைகளுக்கான பணத்தில் பெரும்பகுதியை, பகுதிக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்படும் பொலிஸ் மற்றும் குற்ற ஆணையாளர்களின் கைக்கு மாற்றினார்கள். லண்டனில் அந்தப் பொறுப்பு மேயர் அலுவலகத்துக்கு. ஒவ்வொரு பகுதியும் கேள்விப்பத்திரம் கோரி ஒப்பந்தம் கொடுக்கிறது. ஒரு மாவட்டத்தில் இந்த நிறுவனம், பக்கத்து மாவட்டத்தில் வேறொன்று. நீதிமன்றத்தில் சாட்சிகளுக்குத் துணையிருக்கும் சேவையையும் 2015இல் எடுத்து 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற வேறு தொண்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே தொண்டு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கை அறநிலைய ஆணைக்குழுவின் தளத்தில் யாரும் பார்க்கலாம். யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தகவல் சுதந்திரச் சட்டம் தொண்டு நிறுவனத்தை நேரடியாகத் தொடாது, பணம் கொடுக்கும் ஆணையாளர் அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். சட்டத்தரணி ஐயா சொன்னதைப் பார்த்தால் இந்த ஒரு விஷயத்தில் இலங்கைச் சட்டம் பிரித்தானியச் சட்டத்தை விடக் கூர்மையாக இருக்கிறது. எனக்கே ஆச்சரியம்தான்.

எண்ணிக்கைச் சிக்கல் இங்கேயும் இருக்கிறது. பொலிஸ் அனுப்பிய பெயர்ப் பட்டியல் ஒரு பெரிய எண். அதில் தொலைபேசியில் பிடிபட்டவர்கள் அதைவிடச் சின்ன எண். உதவி வேண்டும் என்றவர்கள் இன்னும் சின்னது. எந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறார்கள் என்று பாருங்கள், மீதி தானாக விளங்கும்.

நிழல்

இந்த இழையை வாசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இப்போதும் இந்த வேலையில் இருப்பவள்.

நாளைக்கு 'என்.ஜி.ஓ. கள்ளர்' என்று தலைப்புப் போடுவீர்கள். அமைச்சில் ஒருவர் அந்தப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டி அடுத்த வருட ஒதுக்கீட்டை வெட்டுவார். அன்றிரவு கதவைத் தட்டுகிறவளுக்கு உங்கள் கட்டுரையா இடம் கொடுக்கும்? அடைக்கல இல்லத்தின் முகவரி தெரியாமல் இருப்பதுதான் அங்கே உள்ளவர்களின் உயிர்ப் பாதுகாப்பு. வாடகை ஒப்பந்தத்தைத் தா, மின்சாரப் பட்டியலைத் தா என்று கேட்டால் அதிலேயே முகவரி இருக்கிறது. பிரதேசவாரியாக எண்ணிக்கை கேட்டால், ஒரு கிராம சேவகர் பிரிவில் ஒரே ஒரு வழக்கு என்று வரும். அந்த ஒன்று யார் என்று ஊருக்குத் தெரியும்.

தலைக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கும் வேண்டாம். ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பு மலிவு. எட்டு மாதம் வழக்குக்கு அலைந்து, வேலை தேடிக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றிவிட்ட ஒருத்திக்குச் செலவு அதிகம். தலைக்கணக்கை நீங்கள் தலைப்பாக்கினால் அடுத்த வருடம் எல்லா நிறுவனமும் தொலைபேசியை மட்டும் எடுக்கும்.

கணக்கைத் தர மறுத்தது பிழைதான். ஆளைத் தர முன்வந்ததும் பிழை. ஆனால் அதற்கு உங்கள் தொழிலுக்கும் பங்கிருக்கிறது. எங்களிடம் வந்த நிருபர்கள் கணக்குக் கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் கேட்டது அழுகிற முகம்.

கொட்டாஞ்சேனை நிருபன்

நிழல் அக்கா, நீங்கள் சொன்னதில் கடைசி வரி சுடுகிறது, ஆனால் நியாயம். பேட்டி வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், பிறகு சரி என்றார். வாடகை ஒப்பந்தம், பிரதேசவாரி எண்ணிக்கை இரண்டையும் கேட்க மாட்டேன். ஆனால் கேள்வியே கேட்காமல் இருக்க முடியாது. நிதி வெட்டுவார்கள் என்ற பயத்தில் எல்லோரும் வாய் மூடியிருந்தால், இரவில் எடுக்கப்படாத அழைப்பைப் பற்றி யார் எழுதுவது?

வெள்ளவத்தை மாமி

நீங்கள் எல்லோரும் எண்ணிக்கையைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்திக்குத் துணையாக இப்படியான ஒரு நிலையத்துக்குப் போனேன். அவளுக்குத் தமிழ் மட்டும்தான். அங்கே இருந்த உளவளத்துணையாளர் தங்கமான மனுசி, ஆனால் சிங்களம் மட்டும்தான். எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிச் சந்தைக்குத்தான் காணும். தமிழ் தெரிந்தவர் அன்று லீவு. கடைசியில் யார் மொழிபெயர்த்தது தெரியுமா? அவளுடைய மூத்த மகள். ஆறாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு தாய்க்குப் பக்கத்துக் கதிரையில்.

"அப்பா எதனால் அடித்தார் என்று கேட்கிறாங்கம்மா." தாய் சொல்லுவாள். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும், பிறகு சிங்களத்தில் ஏதோ சொல்லும். தாய் சொன்னது நீளம், பிள்ளை சொன்னது கட்டை. தகப்பனுடைய கெட்ட வார்த்தைகளைப் பிள்ளை விட்டுவிட்டது. குடித்தார் என்பதைச் சொன்னது, கத்தியைச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் தாய்தான், "அதைச் சொல்லாதே பிள்ளை" என்று தடுத்தாள். அந்த மனுசி அதையெல்லாம் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த நாள் உங்கள் எக்செல் தாளில் எப்படி விழுந்திருக்கும்? உளவளத்துணை பெற்றவர்: ஒன்று.

முன்னாள் களப்பணியாளர்

மாமி, ஒன்று இல்லை, இரண்டு. பிள்ளையையும் சேர்த்திருப்பார்கள்.

இது ஒரு நிலையத்தின் கதை மட்டும் இல்லை. கொழும்பில் வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் 'இரு மொழி அறிவு விரும்பத்தக்கது' என்று போடுவார்கள். கட்டாயம் என்று போட்டால் அதற்கேற்ற சம்பளம் போட வேண்டும். மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ பயிற்சி பெற்ற பிள்ளை ஒன்று வந்தால், கொழும்பில் அறை வாடகைக்கே பாதிச் சம்பளம் போய்விடும். ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடும்.

புதுக்கடைச் சட்டத்தரணி

நிருபர் தம்பி, உங்கள் கட்டுரை மாமி எழுதியதற்குள்தான் இருக்கிறது.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்க உரித்துடையவர். கொழும்பு, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் பிரகடனப்படுத்தப்பட்டவை. அமைச்சே நேரடியாகச் சேவை நடத்தினால் இந்தக் கடப்பாடு அதன் தலையில் இருக்கும். அதே சேவையைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது அந்தக் கடப்பாட்டையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்களா, அல்லது பணத்தை மட்டும் கொடுத்தார்களா? ஒப்பந்தத்தில் மொழி பற்றி ஒரு நிபந்தனை இருந்தால் நிறுவனம் அதை மீறியிருக்கிறது. இல்லாவிட்டால் பிழை அமைச்சினுடையது. எழுதும்போது யாரைக் கேள்வி கேட்கிறோம் என்பதே இதில் மாறிவிடும்.

சும்மா ஒருவன்

இப்போது பகிடி இல்லாமல் ஒரு கேள்வி. அரசாங்கத்திடமே இதற்கு இடங்கள் இருக்கும்போது தொண்டு நிறுவனத்துக்கு ஏன் காசு?

நிழல்

இருக்கின்றன, மறுக்கவில்லை. அரச ஆஸ்பத்திரிகளில் 'மித்துரு பியச' இருக்கிறது, தமிழில் நட்பு நிலையம் என்று பலகை போட்டிருப்பார்கள். 2007இல் மாத்தறை ஆஸ்பத்திரியில் தொடங்கியது. காயத்துக்கு மருந்து கட்ட வந்தவள் யாருக்கும் சந்தேகம் வராமல் உள்ளே போய்ப் பேசலாம், அதுதான் அதன் பலம். வழக்குப் பேச வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்று தொலைபேசி இலக்கங்கள். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தேசிய அதிகாரசபையை உண்டாக்கியது. 2023இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதியது வந்தது.

ஆனால் அடித்தவன் நெருங்காமல் தடுக்க நீதவானிடமிருந்து இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை எடுத்தால் அது 14 நாளுக்கு. முழுப் பாதுகாப்புக் கட்டளைக்கு விசாரணை நடக்க வேண்டும், கிடைத்தாலும் அதிகபட்சம் 12 மாதம். அதுவரை அவள் எங்கே இருப்பது, வழக்குத் தவணைக்கு யார் கூட வருவது, பிள்ளையை யார் பார்ப்பது? அந்த நடு இடத்தில்தான் தொண்டு நிறுவனங்கள் நிற்கின்றன. 'விமன் இன் நீட்' போன்ற அமைப்பு 1987இலிருந்து கொழும்பில் இந்த வேலையைச் செய்கிறது. இந்தக் கட்டளைகளுக்கு வழிசெய்யும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்ததே 2005இல்தான்.

ஈஸ்ட்ஹாம் வாசி

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுப் பெண்கள் நலன் ஆய்வையும் நிருபர் பார்க்க வேண்டும். துணையுடன் வாழ்ந்த அல்லது வாழும் பெண்களில் 20.4 சதவீதத்தினர், அதாவது ஐந்தில் ஒருவர், வாழ்நாளில் எப்போதாவது அந்தத் துணையின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். நிறுவனத்தின் எண்ணிக்கை பெரிதா சின்னதா என்று சொல்ல அதற்குப் பக்கத்தில் வைக்க இப்படி ஒன்று வேண்டும்.

வெள்ளவத்தை மாமி

அந்தப் பிள்ளை இப்போது தாயோடு வேறு இடத்தில் படிக்கிறது. நல்லாயிருக்கிறார்கள். கேட்கப் போகிறீர்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை நிருபன்

எல்லோருக்கும் நன்றி. அமைச்சுக்குப் போடும் விண்ணப்பத்தை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'குற்றச் செயல்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைகளுக்காக மேற்படி நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பிரதி. பணம் விடுவிக்கப்பட்ட திகதிகளும் தொகைகளும். நிறுவனம் சமர்ப்பித்த முன்னேற்ற அறிக்கைகள், தனிநபர் விவரங்கள் நீக்கப்பட்டு. தமிழில் சேவை வழங்கக்கூடிய உளவளத்துணையாளர்களின் எண்ணிக்கையும் அவர்கள் கடமையில் இருந்த நாட்களும். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவது பற்றி எழுத்தில் உள்ள விதி ஏதேனும் இருப்பின் அதன் பிரதி.'

நிறுவனத்துக்குத் தனியாக இன்னொன்று: எடுக்கப்படாத அழைப்புகள், காத்திருந்த நாட்கள், கோவைகள் மூடப்பட்டதற்கான காரணங்கள். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அவர்கள் பதிலையும் கேட்டுப் போடுவேன்.

நிழல்

'தனிநபர் விவரங்கள் நீக்கப்பட்டு' என்று நீங்களே எழுதியதற்கு நன்றி. முன்னேற்ற அறிக்கைகளில் 'வெற்றிக் கதை' என்று ஒரு பகுதி வரும். அதையும் நீக்கித் தரச் சொல்லிப் பெயர் குறிப்பிட்டே கேளுங்கள். பெயரை மாற்றியிருப்பார்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

புதுக்கடைச் சட்டத்தரணி

காலப்பகுதி போடவில்லை. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று எழுதாவிட்டால், விளக்கம் தேவை என்று திருப்பி அனுப்புவார்கள். நேரில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். 'ஒப்பந்தத்தின் பிரதி' என்று மட்டும் எழுதாதீர்கள், 'அதன் எல்லா இணைப்புகளுடன்' என்று சேருங்கள். எத்தனை பேருக்கு, எந்த மொழியில், எத்தனை மணி வரை என்பதெல்லாம் இணைப்பில்தான் இருக்கும்.

முன்னாள் களப்பணியாளர்

திருத்திய இணைப்புகளையும் சேருங்கள் தம்பி. வருட நடுவில் இலக்கைக் குறைத்து ஒரு கடிதம் போயிருக்கும், அதற்கு அமைச்சு சம்மதம் சொன்ன கடிதமும் இருக்கும். ஆண்டறிக்கையில் 'இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டது' என்று வருவது அந்தக் குறைத்த இலக்குத்தான்.